பழைய அச்சு, புதுப் பெட்டி: ஒரு யாக்ட்பாந்தர் கிட்டின் கதை

போன செமஸ்டர் முடிஞ்சு ஹாஸ்டல் ரூமைக் காலி செஞ்சப்போ, எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் என் மேசை மேல ஒரு அட்டைப்பெட்டியை வச்சுட்டுப் போனார். "நேரம் கிடைச்சா ஒட்டிப் பாருடா தம்பி, உனக்கு மோல்டிங் நல்லாப் புரியும்" என்றார். பெட்டியின் மேல் ஒரு ஜெர்மன் போர் வண்டியின் படம். திறந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குட்டிப் பாகங்கள்.

பெட்டி பளபளவென்று இருந்தது. ஆனால் பாகங்களைக் கையில் எடுத்தால் ஓரங்களில் மெல்லிய பிசிறு. பீரங்கிக் குழலின் இரண்டு பக்கமும் நீளமாய் ஒரு கோடு. உள்பக்கம் வட்ட வட்டமாய்த் தழும்பு. "புது டப்பாவில் பழைய சரக்கை அடைச்சு வித்துட்டாங்களோ?" என்றுதான் முதலில் தோன்றியது. விசாரித்தால், உண்மையும் அதுதான்! ஆனால் அது ஏமாற்று வேலை இல்லை. மாடலிங் உலகில் அதற்கு 'ரீ-இஷ்யூ' என்று பெயர். அந்த ஒரு வார்த்தையின் பின்னால் நம்ம புரொடக்‌ஷன் பாடம் பாதி இருக்கிறது. வாங்க, பிரித்துப் பார்ப்போம்.

ரீ-இஷ்யூ அப்படின்னா என்ன?

பிளாஸ்டிக் மாடல் கிட் என்பது இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பிறப்பது. பாலிஸ்டைரீன் குருணையை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, அழுத்தத்தோடு ஒரு இரும்பு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சு இரண்டாகப் பிரியும். பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தோடு அப்படியே வெளியே வந்து விழும்.

இதில் குருணை மலிவு. ஒரு கிட்டுக்கு ஆகும் மின்சாரமும் பெரிய செலவில்லை. காசையெல்லாம் விழுங்குவது அந்த இரும்பு அச்சுதான். அதைச் செதுக்கி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால், ஒழுங்காக எண்ணெய் பூசி வைத்திருந்தால், பல்லாண்டு கழித்தும் மெஷினில் மாட்டி மறுபடி ஓட்டலாம். அப்படி, கிடப்பில் இருந்த பழைய அச்சை எடுத்துப் புதுப் பெட்டியிலும் புது ஸ்டிக்கரோடும் சந்தைக்கு விடுவதே ரீ-இஷ்யூ. முதலீடு எப்போதோ திரும்பி வந்தாயிற்று. அதனால் விலை குறைவு. எங்க சீனியர் மாதிரி ஆட்கள் கையைக் கடிக்காமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க முடிவதும் இதனால்தான்.

தீப்பெட்டிக் கம்பெனி

என் கையில் கிடைத்த கிட்டின் அச்சு 1970களைச் சேர்ந்தது. செய்தவர்கள் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம். இந்தப் பெயரைவிட அவர்களுடைய பிராண்டு பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: மேட்ச்பாக்ஸ். ஆமாம், அதே குட்டிக் கார் மேட்ச்பாக்ஸ்தான். 1947-இல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய நிறுவனம் அது. லெஸ்லியில் பாதி, ராட்னியில் பாதி சேர்ந்து லெஸ்னி ஆனது. இவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் என்ற டை-காஸ்டிங் கில்லாடியின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்கு மட்டும்தான் அனுமதியாம். அப்பா அந்த அளவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

1973 வாக்கில் லெஸ்னி பிளாஸ்டிக் கிட் தொழிலில் இறங்கியது. அங்கே ஏற்கெனவே ஏர்ஃபிக்ஸ் என்ற ஜாம்பவான் உட்கார்ந்திருந்தார். லெஸ்னி ஒரு குறுக்குவழி யோசித்தது. பையன்கள் கிட் வாங்குகிறார்கள், ஆனால் பெயின்ட் வாங்க எல்லாரிடமும் காசில்லை. அதனால் பிளாஸ்டிக்கையே ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்களில் வார்த்தார்கள். பெயின்ட் அடிக்காவிட்டாலும் முடித்த மாடல் பார்க்க லட்சணமாய் இருக்கும். டாங்கி கிட்களோடு, வண்டியை நிறுத்திவைக்க ஒரு குட்டிப் போர்க்களத் தளமும் கொடுத்தார்கள். வாங்குகிறவன் யார், அவன் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துச் செய்த டிசைன் இது.

அளவு 1/76. இதென்ன ரெண்டுங்கெட்டான் எண் என்று தோன்றும். பிரிட்டனின் ஓஓ பொம்மை ரயில்களின் அளவு, நிஜத்தில் ஒரு அடிக்கு மாடலில் 4 மில்லிமீட்டர். ஒரு அடி 304.8 மில்லிமீட்டர். நாலால் வகுத்தால் 76.2. அவ்வளவுதான் ரகசியம். ரயில் வைத்திருந்த பையனின் மேசையிலேயே டாங்கியும் பொருந்தியது.

1982-இல் லெஸ்னி திவாலானது. கம்பெனி போனாலும் அச்சுகள் போகவில்லை. கைமாறிக் கைமாறி, அவற்றில் பல ரெவெல் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன. மேட்ச்பாக்ஸின் யாக்ட்பாந்தர், ரெவெல் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மறுபடி கடைக்கு வந்தது இப்படித்தான்.

நிஜ வண்டியே ஒரு 'பழைய அச்சு'தான்

இனி, இந்தக் கிட் நகலெடுத்த நிஜ வண்டிக்கு வருவோம். ஜெர்மனில் 'யாக்ட்' என்றால் வேட்டை, 'பாந்தர்' என்றால் சிறுத்தை. டாங்கிகளை வேட்டையாட என்றே செய்த வண்டி. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் டேங்க் டெஸ்ட்ராயர் என்று பெயர்.

1943-இல் ஜெர்மன் ராணுவத்திடம் 8.8 செ.மீ. பாக் 43 என்ற பயங்கரமான பீரங்கி இருந்தது. குழலின் நீளம் வாய் விட்டத்தைப் போல 71 மடங்கு. கணக்குப் போட்டால் 88 மி.மீ. × 71, அதாவது சுமார் 6.25 மீட்டர். பாந்தர் டாங்கி அப்போதே தயாரிப்பில் இருந்தது, ஆனால் அதன் சுழலும் டரட்டுக்குள் இவ்வளவு பெரிய பீரங்கி அடங்காது. புது டாங்கி டிசைன் செய்ய நேரமும் இல்லை, மெஷின்களும் இல்லை.

என்ன செய்தார்கள்? பாந்தரின் கீழ் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். டரட்டைத் தூக்கிப் போட்டார்கள். முன் தகட்டையும் பக்கத் தகடுகளையும் அதே சாய்வில் மேலே நீட்டி ஒரு பெட்டி மாதிரி மூடினார்கள். பீரங்கியை அந்த முன் தகட்டிலேயே பொருத்திவிட்டார்கள். டரட் இல்லை என்றால் அதைத் தாங்கும் பெரிய பல்வளையம் இல்லை, அதைக் கடைந்தெடுக்கும் பெரிய மெஷின் வேலையும் இல்லை. வேலை மிச்சம், உள்ளே இடமும் தாராளம்.

முன் தகட்டின் தடிமன் 80 மி.மீ. அது செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்திருக்கிறது. கிடையாக வரும் குண்டு எவ்வளவு இரும்பைத் துளைக்க வேண்டும்? 80-ஐ காஸ் 55-ஆல் வகுங்க. சுமார் 139 மி.மீ.! தகட்டின் தடிமனைக் கூட்டாமல், அதைச் சாய்த்ததாலேயே குண்டின் பாதை முக்கால் பங்கு கூடிவிட்டது. முதல் வருஷ மெக்கானிக்ஸ் வகுப்பில் "இந்தக் காஸ் தீட்டா எதுக்கு சார்?" என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.

ஆனால் பழைய உடம்பை எடுத்துக்கொண்டால் பழைய நோயும் கூடவே வரும். பாந்தர் முதலில் 30 முதல் 35 டன் வண்டியாகத் திட்டமிடப்பட்டது. கவசம் கூடக் கூட எடை 45 டன்னைத் தொட்டது. இன்ஜின் சக்தியைச் சக்கரப் பல்லுக்குக் கடைசியாகக் கொண்டுசேர்க்கும் ஃபைனல் டிரைவ் மட்டும் அதற்கேற்ப வளரவில்லை. எபிசைக்ளிக் கியர் போட்டிருந்தால் தாங்கியிருக்கும். ஆனால் அந்தக் கியர்களை வெட்டும் மெஷின்களுக்குத் தட்டுப்பாடு. அதனால் சாதா ஸ்பர் கியரிலேயே காலத்தை ஓட்டினார்கள். போருக்குப் பின் கைப்பற்றிய பாந்தர்களை ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு ராணுவம் 1947-இல் எழுதிய அறிக்கையில், ஃபைனல் டிரைவின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்று இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தை ஒட்டி வண்டி படுத்துவிடும்!

யாக்ட்பாந்தரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பீரங்கி இருபுறமும் சுமார் 11 டிகிரிதான் திரும்பும். இலக்கு அதைத் தாண்டிப் போனால் 45 டன் வண்டியே நின்ற இடத்தில் திரும்ப வேண்டும். அந்தச் சுமை முழுக்க விழுவது எதன் மேல்? அதே நோஞ்சான் ஃபைனல் டிரைவ் மேல். டரட்டை எடுத்ததில் தொழிற்சாலையில் மிச்சப்பட்ட வேலையைப் போர்க்களத்தில் கியர்கள் செய்தன. செலவு காணாமல் போகவில்லை, இடம் மாறியது, அவ்வளவே.

1944 ஜனவரி முதல் போர் முடியும் வரை செய்த யாக்ட்பாந்தர்களின் எண்ணிக்கை 400-ஐச் சற்றே தாண்டும். ஆனாலும் அது எதிரியைக் கதிகலங்க வைத்தது. 1944 ஜூலை 30 அன்று பிரான்சின் நார்மண்டியில், லே லோஜ் என்ற ஊரருகே, மூன்று யாக்ட்பாந்தர்கள் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு மேல் பாய்ந்தன. சில நிமிடங்களுக்குள் 11 சர்ச்சில் டாங்கிகள் காலி. ஒரு சர்ச்சிலுக்குள் 5 பேர் இருப்பார்கள். பெட்டி மேல் உள்ள ஓவியத்தின் வீரத்தைப் பார்க்கும்போது அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கணும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமாய் இருந்தது. போர் முடிந்த பிறகு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர்கள் ஹானோவரில் உள்ள தொழிற்சாலைக்குள் போனார்கள். முடிக்காமல் கிடந்த பாகங்களைக் கொண்டு சில பாந்தர்களையும் யாக்ட்பாந்தர்களையும் சோதனைக்காக அங்கேயே பூட்டவைத்தார்கள். அப்படிச் செய்த ஒரு யாக்ட்பாந்தர் இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யோசிச்சுப் பாருங்க, நிஜ வண்டிக்கே ஒரு ரீ-இஷ்யூ!

அச்சு எதை மறக்காது?

இப்போது கிட்டில் பார்த்த பிசிறுக்கும் தழும்புக்கும் வருவோம்.

1970களில் கேட், சிஎன்சி எல்லாம் கிட் கம்பெனிகளுக்கு எட்டாத தூரம். கைவினைஞர் ஒருவர் மரத்திலும் ரெசினிலும், கிட்டைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாய் மூல மாதிரியைச் செய்வார். பேன்டோகிராஃப் என்ற மெஷினில் ஒரு முனை அந்த மாதிரியைத் தடவிக்கொண்டே போகும், மறுமுனையில் உள்ள கட்டர் அதே அசைவைச் சுருக்கி இரும்பில் வெட்டும். மூல மாதிரி செய்தவர் ஒரு போல்ட்டை இடம் மாற்றி வைத்திருந்தால் அது இரும்பில் ஏறிவிடும். அதன்பின் வார்க்கும் ஒவ்வொரு கிட்டிலும் அதே தப்பு அச்சுப்பிசகாமல் வரும். இணையம் இல்லாத காலத்தில் புகைப்படத்தையும் கோட்டுப்படத்தையும் நம்பிச் செய்தது அது. ஆகவே பழைய கிட் என்பது அந்த வண்டியைப் பற்றி 1970களில் ஒருவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதன் பதிவு.

குழலின் பக்கவாட்டுக் கோடு, அச்சின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம். பார்ட்டிங் லைன். அந்தச் சந்திப்பு தேயத் தேய, உருகிய பிளாஸ்டிக் இடுக்கில் கசிந்து பிசிறாய் உறையும். அதுதான் ஃப்ளாஷ். வட்டத் தழும்புகள், ஆறிய பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் எஜெக்டர் பின்களின் சுவடு. தடிமனான இடத்தில் மேற்பரப்பு லேசாய்க் குழிந்திருந்தால் அது சிங்க் மார்க், உள்பக்கம் தாமதமாய் ஆறிச் சுருங்கியதன் விளைவு. குழலின் வாய் ஏன் ஓட்டையாக இல்லை? அச்சு திறப்பது இரண்டு திசையில் மட்டுமே. மூன்றாவது திசையில் ஒரு ஓட்டை வேண்டுமென்றால் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு வேண்டும். இன்றைய புது கிட்களில் அது சகஜம். அன்று அது ஆடம்பரம்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்தபோது ஏறவில்லை. எங்க மினி ப்ராஜெக்ட்டில் ஒரு சென்சாருக்குப் பிளாஸ்டிக் மூடி டிசைன் செய்தோம். 3டி பிரின்ட்டில் அருமையாய் வந்தது. பெருமையோடு ஒரு சின்ன டூல் ரூமுக்கு எடுத்துட்டுப் போய் "அண்ணே, இதுக்கு மோல்டு போட எவ்ளோ ஆகும்?" என்று கேட்டோம். அந்த அண்ணன் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "மோல்டு போடலாம் தம்பி. ஆனா பீஸ் வெளிய எப்படி வரும்?" என்றார். சுவர்கள் நேர்ச் செங்குத்து, டிராஃப்ட் ஆங்கிள் ஒரு டிகிரிகூட இல்லை. உள்பக்கம் ஒரு கொக்கி வேறு, சுத்தமான அண்டர்கட். நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு திரும்பினோம். ஸ்கிரீனில் ஒரு கன்ட்ரோல்-இசட்டில் போகிற தப்பு, இரும்பில் ஏறிவிட்டால் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை இந்தக் கிட்தான் எனக்குக் காட்டியது.

சுருங்காத விஷயங்கள்

கிட்டை ஒட்டும்முன் ஒரு ஸ்கேலும் கால்குலேட்டரும் எடுத்துக்கோங்க. நிஜ வண்டி குழலோடு சேர்த்து 9.9 மீட்டர். 76-ஆல் வகுத்தால் 13 செ.மீ. சரி. முன் தகடு 80 மி.மீ., கிட்டில் 1.05 மி.மீ. இதுவும் வார்க்கக்கூடிய தடிமன்தான். ஆனால் வண்டியின் பக்கத்தில் தொங்கும் பாவாடைத் தகடு, ஜெர்மனில் ஷூர்ட்ஸன், நிஜத்தில் 5 மி.மீ. மட்டுமே. 76-ஆல் வகுத்தால் 0.07 மி.மீ. நம்ம ரெக்கார்டு நோட்டுத் தாள் அளவு! அவ்வளவு மெல்லிய இடைவெளியில் பிளாஸ்டிக் ஓடி நிறையும் முன்பே உறைந்துவிடும். அதனால் கிட்டில் அது எப்போதுமே தடிமனாக இருக்கும். அளவுப்படி பார்த்தால் அதுவும் ஒரு கவசத் தகடு மாதிரித் தெரியும். அனுபவசாலிகள் ஓரத்தை மட்டும் சரிவாய் ராவி மெலிதாய்க் காட்டுவார்கள், அல்லது மெல்லிய உலோகத் தகட்டில் வெட்டி ஒட்டுவார்கள்.

எடை இன்னும் சுவாரஸ்யம். நீளம் 76-ஆல் குறைந்தால் கன அளவு 76-இன் மும்மடியால் குறையும், அதாவது 4,38,976-ஆல். 45.5 டன் வண்டி, அதே பொருட்களில் செய்தால், வெறும் 104 கிராம். உள்ளங்கையில் வச்சுக்கலாம். நிஜத்தில் ஃபைனல் டிரைவை உடைத்த எடை இங்கே இல்லவே இல்லை. மாடல் வடிவத்தைத்தான் காட்டும், பாரத்தைக் காட்டாது.

நீங்களும் செய்யப் போறீங்களா?

சில சின்னக் குறிப்புகள். வாங்கும்முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் அந்தக் கிட்டின் பெயரைத் தேடுங்க. அச்சு முதலில் எப்போது வந்தது, எந்தெந்தப் பெட்டியில் மாறி மாறி வந்தது என்று வம்சாவளியே கிடைக்கும். 'புதியது' என்ற வார்த்தை பெட்டிக்கா, அச்சுக்கா என்பது அங்கே தெரிந்துவிடும். பாகங்களைக் கையால் திருகிப் பிய்க்காதீங்க, நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி மீதியை ராவுங்க. பிசிறைப் பிளேடின் முதுகால் சுரண்டினால் போதும். மூடியிருக்கும் குழல் வாயை 1.2 மி.மீ. கைத்துளைப்பானால் மெதுவாய்த் திறங்க. 88-ஐ 76-ஆல் வகுத்தால் 1.16, கணக்கும் சரியாய் வருது பாருங்க.

நான் வாயைத் துளைத்தபோது மையம் தப்பிவிட்டது. குழல் ஒரு பக்கம் கிழிந்தது. அப்படியே விட்டுட்டேன்.

கடைசியாய் ஒன்று. "ஹிட்லரோட வண்டியை ஏன்டா மேசையில வச்சிருக்கே?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. இந்த வண்டிகள் யாருக்காகப் போரிட்டன என்பதிலும், அன்றைய ஜெர்மன் ஆயுதத் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள் உழைத்தார்கள் என்பதிலும் சந்தேகமே இல்லை. ஸ்வஸ்திகாவைப் பெட்டி மேல் அச்சிட்டு விற்க இன்றைய ஜெர்மன் சட்டம் தடை போட்டிருப்பதும் சும்மா இல்லை. நான் அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: அந்தச் சாய்ந்த தகடு எனக்குப் பிடிச்சிருக்கு, அதை எதுக்காகச் சாய்ச்சாங்கன்னும் தெரிஞ்சு வச்சிருக்கேன். ரெண்டையும் சேர்த்துத்தான் வச்சிருக்கேன். நல்ல டிசைன் கெட்ட வேலைக்கும் அதே நேர்த்தியோடு உழைக்கும். நாளைக்கு நாம யாருக்கு என்ன வரைஞ்சு கொடுக்கப் போறோம் என்பது நம்ம கையில்தான் இருக்கு.

எங்க சென்சார் மூடிக்கு இப்போது ஒன்றரை டிகிரி டிராஃப்ட் கொடுத்துவிட்டோம், கொக்கியை வெளிப்பக்கம் மாற்றிவிட்டோம். அடுத்த வாரம் மறுபடி அந்த டூல் ரூம் அண்ணனைப் பார்க்கப் போறோம். வாய் கிழிந்த யாக்ட்பாந்தர் என் மேசையில் இருக்கிறது. யாருக்காவது ஒட்டிப் பழக ஆசை இருந்தால் சொல்லுங்க, சீனியர் அண்ணனிடம் இன்னும் இரண்டு பெட்டி இருக்காம்!